மரம் நிக்கிற வரைக்கும்

— அந்த பாட்டிலைக் கொஞ்சம் மெதுவா வைங்க அண்ணி. உள்ள இருக்கிறது குச்சி இல்ல, எங்கப்பா சொத்து.

— சொத்துக்கு எதுக்கு நாத்தனாரே காலுறை மாட்டி விட்டிருக்க? குளிருதாமா?

— வேருக்கு வெளிச்சம் ஆகாது. தண்ணி பாட்டில் பளபளன்னு இருக்குல்ல, வெயில் உள்ள இறங்கும். அதான் எங்க வீட்டுக்காரர் காலுறையை இழுத்து மாட்டினேன். கறுப்புக் காலுறை, கம்பளி.

— அக்லிக்குத் தெரியுமா?

— ஒத்தைக் காலுறையைக் கையில வச்சுக்கிட்டு வீடு பூரா இன்னொண்ணைத் தேடிக்கிட்டிருக்காரு. தேடட்டும். வேலையில இருந்து ஓய்வு வாங்கின மனுஷனுக்குப் பொழுது போகணுமில்ல.

— பிஜாயா பட்டணத்துல இருந்து மலை ஏறி வர்ற வரைக்கும் மடியிலயேவா வச்சிருந்த?

— மடியிலயேதான். மினிபஸ் ஒவ்வொரு வளைவுலயும் திரும்பறப்ப எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. பக்கத்துல உட்கார்ந்த பொம்பள, இது என்ன வைத்தியமான்னு கேட்டா. ஆமா, நாத்தனார் வைத்தியம்னேன். பாருங்க, அண்ணி. இலையெல்லாம் நிமிர்ந்து நிக்குது. ஒண்ணுகூட வாடல.

— வாடல. ஒத்துக்கிறேன். நல்லாத்தான் வந்திருக்கு. முதல்ல காபியைக் குடி.

— காபி அப்புறம். மண்வெட்டி எங்க?

— அடேயப்பா. வாசப்படி ஏறினதுமே மண்வெட்டியா? என் வீட்டுல தங்கம் கிங்கம் புதைச்சு வச்சிருக்கியா?

— விளையாடாதீங்க. உங்க முற்றத்தைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க. மழையில சுவர் இடிஞ்சு விழுந்தப்பவே மரத்தோட பாதி வேர் வெளிய வந்துடுச்சு. மரம் சாஞ்சு கிடக்கு. இந்த வசந்தத்துல ஒரு பக்கக் கிளைதான் துளிர்த்திருக்கு, இன்னொரு பக்கம் விறகு. அது மூச்சை விடறதுக்குள்ள இந்தக் கன்னை அது காலடியிலயே நட்டுடணும்.

— நட்டா?

— நட்டா மரம் சாகல. மரம் சாகலேன்னா என் வழியும் சாகல. வழக்கம் உங்களுக்குத் தெரியாததா அண்ணி? மரம் நிக்கிற வரைக்கும் மரத்துக்காரிக்கு வழி உண்டு. மரம் விழுந்தா வழியும் மூடிடும்.

— எனக்கா தெரியாது? நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்த அன்னிக்கு உங்கம்மா காட்டின முதல் விஷயமே அந்த அத்திதான். மண்ணு நம்மளுது, மரம் சக்கூராவோடது, நீ கை வைக்காதன்னாங்க. அடுப்பு எங்க இருக்குன்னு மறுநாள்தான் காட்டினாங்க.

— எங்கம்மா வாழ்க்கையில செஞ்ச ஒரே நல்ல காரியம்.

— பாவம், செத்தவங்களை விடு.

— நான் தப்பா சொல்லல. நிலமெல்லாம் அண்ணனுக்குப் போச்சு, வீடு அண்ணனுக்குப் போச்சு. பொண்ணுக்கு மண்ணு குடுக்கிற பழக்கம் நம்ம மலையில எந்தக் காலத்துல இருந்துச்சு? எங்கப்பா ஒருத்தர்தான் ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, முற்றத்து அத்தி மட்டும் என் பொண்ணுக்குன்னு சொன்னாரு. சொன்னதோட நிக்காம சுவரை உடைச்சு எனக்குன்னு தனி வாசல் வச்சாரு. யார் கதவையும் தட்ட வேண்டாம், யார் மூஞ்சியையும் பார்க்க வேண்டாம், நேரா வந்து உன் மரத்துல ஏறிக்கோன்னு.

— நீயும் ஒரு வருஷம் அப்படியே வந்தியே. நீயும் உங்க அண்ணனும் பேச்சுவார்த்தை இல்லாம இருந்த வருஷம். உன் வாசல்ல நுழைஞ்ச, எங்க வீட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்ல. மரத்தடியில எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துக்கிட்டு, நீ கொண்டாந்த காஞ்ச ரொட்டியைத் தின்ன.

— நீங்க முற்றத்துக்கு நடுவுல இருக்கிற தடுப்புச் சுவருக்கு மேல ஒரு தட்டை நீட்டினீங்க. கோழி வச்ச குஸ்குஸ்.

— தட்டை வாங்கிக்கிட்ட. என்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல.

— பேசினா கோபம் போயிடும். தட்டைக் கழுவித்தானே குடுத்தேன்?

— கழுவித்தான் குடுத்த. அதை நான் மறக்கல. சரி, குளிர்காலத்துல வந்து ஒரு பெரிய கட்டு குச்சி வெட்டிட்டுப் போனியே. தெருக்கோடி வரைக்கும் தோள்ல சுமந்துக்கிட்டுப் போன. அதுல இந்த ஒண்ணுதானா மிஞ்சுச்சு?

— அதை ஏன் கேக்கிறீங்க. முதல் கொஞ்சத்தை டம்ளர்ல தண்ணி ஊத்தி ஜன்னல்ல வச்சேன். வேர் வரல, வழவழன்னு ஒரு நாத்தம் வந்துச்சு. அடுத்த கொஞ்சத்தை ஈரப் பேப்பர்ல சுத்தி, பையில போட்டு, ஃபிரிட்ஜ் மேல வச்சேன். அங்கதான் கதகதன்னு இருக்கும். பக்கத்து ஃபிளாட்டுக்காரி சொன்னா.

— நல்லதுதானே சொன்னா.

— நல்லதுதான். வெள்ளை வெள்ளையா அரிசி மாதிரி முளைகூட விட ஆரம்பிச்சுது. என் மருமக அதைப் பார்த்தா. மீன் வாங்கி மறந்துட்டாங்கன்னு நினைச்சு குப்பையில போட்டுட்டா.

— ஐயோ.

— குப்பை வண்டி பின்னாடி நான் வீட்டுச் செருப்போட ஓடினேன் அண்ணி. தெருவே பார்த்துச்சு. என்ன தொலைஞ்சுது, நகையான்னு கேட்டாங்க. அத்திக்குச்சின்னு சொன்னேன். எல்லாரும் அக்லியைத்தான் பரிதாபமா பார்த்தாங்க.

— மிச்சம்?

— மிச்சத்தை பாட்டில்ல மண்ணும் மணலும் போட்டு நட்டேன். பாதிக் குச்சியைத் தலைகீழா நட்டுட்டேன்.

— தலைகீழாவா?

— இலை இல்லாத குச்சியில எது தலை, எது காலுன்னு எப்படித் தெரியும்?

— வெட்டறப்பவே அடையாளம் வைக்கணும் நாத்தனாரே. கீழ் முனையைச் சாய்வா வெட்டு, மேல் முனையை நேரா வெட்டு. கணுவுக்கு ஒட்டிக் கீழ வெட்டணும். வெட்டின இடத்துல பால் வடியுமே, அது காய்ற வரைக்கும் நிழல்ல போட்டு வைக்கணும். பாலோட மண்ணுல சொருகினா அழுகும்.

— இப்ப சொல்லுங்க. அப்பவே சொல்லியிருந்தா என்ன?

— நீ கேட்டியா? திருடி மாதிரி வந்து வெட்டிட்டு ஓடின.

— என் மரத்துல நான் வெட்டறதுக்குப் பேரு திருட்டா?

— சரி சரி. தண்ணி எப்படி ஊத்தின?

— காலையில கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், மனசு கேக்கலேன்னா சாயங்காலமும் கொஞ்சம்.

— மூழ்கடிச்சிருக்க. அத்திக்குத் தாகமே கிடையாது. மண்ணை விரலால தொட்டுப் பார்த்து, காஞ்சிருந்தா மட்டும்தான் ஊத்தணும். வேர் வந்துச்சான்னு பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்திருப்பியே?

— தினமும். இந்தக் குச்சி மட்டும் தப்பிச்சதே, அது சோபாவுக்குப் பின்னாடி உருண்டு போய்க் கிடந்ததால. நான் மறந்தே போயிட்டேன். தரையைக் கூட்டறப்ப பார்த்தா பாட்டிலோட ஓரமெல்லாம் வேர் ஓடியிருக்கு.

— அப்ப இதை வளர்த்தது நீ இல்ல, சோபா.

— சிரிங்க, நல்லா சிரிங்க. இவ்வளவு நுணுக்கம் பேசறீங்களே, இத்தனை வருஷத்துல நீங்க ஒரு குச்சி வச்சு நான் பார்த்ததில்லையே.

— காதால கேக்கிறதுதான். பொம்பளைங்க ஊத்துக்குத் தண்ணி எடுக்கப் போனா வேற என்ன பேசுவோம். காபி ஆறுது பாரு.

— அம்மா, மேஸ்திரியைப் பார்த்துட்டு வந்துட்டேன். அட, அத்தே. எப்ப வந்தீங்க?

— வா யுபா. உன்னைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன். அத்தையைக் கட்டிக்கிறது அப்புறம், முதல்ல விஷயத்தைச் சொல்லு. ஊர்க்கூட்டத்துல கேட்டியா?

— கேட்டேன் அத்தே. கேக்காமயே இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு எல்லாரும் உட்கார்ந்திருந்தாங்க. ஒரே கேள்விதான் கேட்டேன். குச்சியில இருந்து வர்ற மரம் அதே பழைய மரமா, வேற மரமா?

— என்ன சொன்னாங்க?

— தபால் ஆபீஸ் சாலெம் சொன்னாரு, குச்சிங்கிறது மரத்தோட கை, எங்க கொண்டுபோய் வச்சாலும் அது அந்த மரம்தான்னு. உடனே பேக்கரிக்காரர் எந்திரிச்சு, அப்படின்னா நான் எங்கப்பாவோட கையா, அவர் வாங்கின அடியெல்லாம் நான் வாங்கணுமான்னு கேட்டாரு. சாலெம், வாங்கியிருந்தா நீ நல்லா இருந்திருப்பன்னாரு. அப்புறம் அரை மணி நேரம் அத்தியைப் பத்திப் பேச்சே இல்ல. பேக்கரிக்காரர் அப்பாவைப் பத்தித்தான்.

— நம்ம ஊர் ஆம்பளைங்க. நீ மேல சொல்லு.

— டிவியில மேட்ச் ஆரம்பிக்கப் போகுதுன்னு பாதிப் பேர் எழுந்துட்டாங்க. அவசர அவசரமா ஒரு முடிவு பண்ணினாங்க. மண்ணுக்கு உரியவ அம்மா. அம்மா ரொட்டி மேல கை வச்சு, இந்தக் குச்சி தாத்தா அத்தைக்குக் குடுத்த மரத்துல இருந்து வந்ததுதான்னு சத்தியம் பண்ணிட்டா போதும். மரம் தொடருது, வழியும் தொடருது. புதுச் சுவர்ல அத்தை வாசலை விட்டுக் கட்டிடலாம்.

— அவ்வளவுதானா? இதுக்கா ராத்திரியெல்லாம் தூங்காம கிடந்தேன். அண்ணி, ரொட்டியை எடுங்க.

— இன்னும் ரொட்டி சுடல.

— பொய் சொல்லாதீங்க. வாசல்ல நுழையறப்பவே வாசனை வந்துச்சு.

— அது நேத்து ரொட்டியோட வாசனை. நேத்து ரொட்டி மேல யாராவது சத்தியம் பண்ணுவாங்களா?

— அம்மா, சூடா ரெண்டு அடுப்பு பக்கத்துல துணியில சுத்தி வச்சிருக்கே.

— உன்னை யாருடா கேட்டா? பெரியவங்க பேசறப்ப ரொட்டியை எண்ணிக்கிட்டிருக்கான்.

— அண்ணி, என்ன இது? ஒரு வார்த்தை சொல்றதுக்கு இவ்வளவு தயக்கமா?

— தயக்கமெல்லாம் இல்ல. கை பூரா மாவு. கழுவிட்டு வர்றேன்.

— கை காஞ்சு போயிருக்கு அண்ணி. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

— அம்மா, எனக்கு ஒரு பதில் சொல்லு. மேஸ்திரி சாயங்காலம் வந்து கயிறு கட்டறாரு. வாசல் விட்டுக் கட்டணும்னா நிலைக்கல் வாங்கணும். வாசல் இல்லேன்னா நேர்ச்சுவர், சுலபம்.

— நேர்ச்சுவரா? உங்கம்மா வாயில இருந்து இன்னும் ஒண்ணும் வரல, நீ நேர்ச்சுவருக்குப் போயிட்ட.

— அத்தே, நான் சுவரைப் பத்திச் சொன்னேன், உங்களைப் பத்தி இல்ல.

— ரெண்டும் ஒண்ணுதான்டா.

— யுபா, நீ போய் மேஸ்திரியோட உட்கார்ந்து ஒரு டீ குடி. நான் கூப்பிடறேன். அப்ப வா.

— டீ குடிச்சிட்டுத்தான்மா வந்தேன்.

— இன்னொண்ணு குடி.

— அத்தே, அம்மாவை மிரட்டாதீங்க. அம்மா, நீயும் அத்தையை மிரட்டாத. நான் போறேன்.

— போயிட்டான். இப்ப சொல்லுங்க அண்ணி. நானும் நீங்களும்தான் இருக்கோம். என்ன விஷயம்?

— ஒரு விஷயமும் இல்ல. இந்தா மண்வெட்டி. கன்னை எங்க வேணுமோ நட்டுக்கோ. வாசல் விட்டுக் கட்டச் சொல்லி நானே மேஸ்திரிகிட்ட சொல்றேன். எப்ப வேணும்னாலும் வா, எப்ப வேணும்னாலும் போ. போதுமா? இதுக்கு நடுவுல சத்தியம் எதுக்கு?

— போதாது.

— ஏன்?

— நீங்க குடுக்கிறது தயவு. நான் கேக்கிறது உரிமை.

— ரெண்டுலயும் பழம் ஒண்ணுதானே சக்கூரா.

— ஒண்ணு இல்ல. நீங்க இருக்கிற வரைக்கும் தயவு ஓடும். நாளைக்கு யுபாவுக்கு ஒரு பொண்டாட்டி வருவா. அத்தை எந்த உரிமையில பின்வாசல் வழியா வர்றாங்கன்னு கேப்பா. எங்க அண்ணி மனசு வச்சதால வர்றேன்னு நான் சொல்லணுமா? நான் இந்த வீட்டுல பொறந்தவ. விருந்தாளி மாதிரி சர்க்கரைப் பொட்டலத்தைத் தூக்கிக்கிட்டு முன்வாசல்ல வந்து நிக்க மாட்டேன்.

— சர்க்கரைப் பொட்டலம் எப்பவும்தானே கொண்டு வர்ற. இன்னிக்கும் பையில இருக்கு.

— அது நானா கொண்டு வர்றது. அது வேற.

— சரி, ஒண்ணு கேக்கிறேன். மரம் இல்லேன்னா நீ வரமாட்டியா?

— வரமாட்டேன்.

— என்னைப் பார்க்கக்கூடவா?

— நீங்க பிஜாயாவுக்கு வாங்க.

— எனக்குப் படி ஏறினா முட்டி வலிக்கும். உன் வீடு நாலாவது மாடி.

— அப்ப ஃபோன் பண்ணுங்க.

— கல்லு. உங்கண்ணனும் இப்படித்தான். ஒரு அத்தி மரத்துக்காகவா நீ இந்த வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்த? உங்கண்ணன் கண்ணை மூடினப்ப எத்தனை நாள் என் பக்கத்துல படுத்திருந்த. அதுவும் மரத்துக்காகவா?

— அண்ணி, என்னை அழ வச்சு சத்தியத்தை மறக்கடிக்கப் பார்க்கறீங்க. நடக்காது. நீங்க எனக்கு யாருன்னு எனக்குத் தெரியும். ஆனா பிடிச்சவங்களைப் பார்க்கப் போறது வேற, சொந்த வீட்டுக்குப் போறது வேற. எனக்கு ரெண்டும் வேணும். எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்.

— உங்கப்பா நல்ல மனுஷன்.

— நல்ல மனுஷன்னா அவர் குடுத்ததை இல்லேன்னு சொல்லாதீங்க.

— நான் எங்கடி இல்லேன்னு சொன்னேன்?

— ஆமான்னும் சொல்லலியே. மரத்தைக் கவனிச்சுக்கிறதுக்கு அலுத்துப்போச்சா? அப்படின்னா அதையாவது சொல்லுங்க.

— அலுப்பா? வருஷா வருஷம் ஜூன் வந்தா ஆண் அத்திக்காயைத் தேடி ஆத்துப் பக்கம் இறங்கினது யாரு? அதை நூல்ல கோத்து உன் மரத்துக்கு மாலை மாட்டினது யாரு? மாட்டலேன்னா அதுல இருந்து பூச்சி பறந்து வந்து உன் காய்க்குள்ள எப்படிப் போகும்? ஒரு காய்கூடப் பழுத்திருக்காது. பிஞ்சுலயே கொட்டியிருக்கும். நீ ஆகஸ்ட்ல கூடையோட வந்து நிப்ப, எங்கப்பா மரம் எப்படிக் காய்ச்சிருக்கு பாருங்கன்னு பெருமை பேசுவ.

— அதுக்குத்தான் ஒவ்வொரு வருஷமும் ஒரு கூடை உங்களுக்கு விட்டுட்டுப் போறேனே.

— பெரிய தர்மப் பிரபு. நான் பொறுக்கி எடுத்தா மூணு கூடை ஆகும்.

— மாலை மாட்டினீங்க, தண்ணி ஊத்தினீங்க, கிளை கழிச்சீங்க, ஒத்துக்கிறேன். நாட்டுல சண்டை நடந்த அந்தக் கெட்ட வருஷங்கள்ல நான் இந்தப் பக்கமே வர முடியல. ரோட்டுல யார் நிறுத்துவான், எதுக்கு நிறுத்துவான்னு தெரியாத காலம். அக்லிக்கும் தூரத்துல, ஒரான் பட்டணத்துல வேலை. திரும்பி வந்தப்ப என் பொண்ணுக்கே கல்யாணமாகி இடுப்புல ஒரு பிள்ளை. அத்தனை வருஷம். மரத்தை விட்டிருந்தா யார் கேட்டிருப்பா? நீங்க விடல. வந்து பார்த்தேன். பழைய பருத்த அடிமரமெல்லாம் போய், இளைச்சுப்போய் நின்னுச்சு. ஆனா நின்னுச்சு. தரையோட வெட்டி இளசாக்கினோம்னு சொன்னீங்க.

— சொன்னேன்.

— அன்னிக்கு அதைக் கட்டிப்பிடிச்சு அழுதேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

— இருக்கு. எங்க கோழியெல்லாம் பயந்து ஓடிச்சு.

— அண்ணி, நான் ஒண்ணு சொல்லட்டுமா. அந்தப் பழத்தை வாயில வச்சா போதும், எங்கப்பா பக்கத்துல உட்கார்ந்து எண்ணெயில ரொட்டியைத் தொட்டுக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கும். வேற எந்த மரத்துப் பழமா இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன், இது எங்கப்பாவோடது இல்லேன்னு. சந்தையில தின்னிருக்கேன், ஒரான்ல தின்னிருக்கேன். உங்க ஊர்ப் பழத்தைக்கூட ஒரு கல்யாணத்துல தின்னேன்.

— எங்க ஊர்ப் பழமா? எப்படி இருந்துச்சு?

— கோவிச்சுக்காதீங்க. நாக்குல ஒண்ணும் நிக்கல. தண்ணி.

— தண்ணியா?

— ஏன் சிரிக்கிறீங்க?

— நான் எங்க சிரிச்சேன். தொண்டையில என்னமோ.

— சிரிக்கிறீங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கிறீங்க. நான் இங்க என் வாசல் போகுதுன்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், உங்களுக்குச் சிரிப்பு வருதா?

— சிரிப்பு மட்டும் இல்ல நாத்தனாரே. ரெண்டும் சேர்ந்து வருது.

— போதும் அண்ணி. இதோ பாருங்க, ரொட்டியை நானே எடுத்துட்டு வந்துட்டேன். சூடாத்தான் இருக்கு. கையை வைங்க. இந்தக் குச்சி என் அப்பா எனக்குக் குடுத்த மரத்துல இருந்து வந்ததுன்னு ஒரே ஒரு வரி. நீங்கதான் இத்தனை வருஷமா அதோட இருந்தவங்க. உங்களைவிட யாருக்குத் தெரியும்?

— கையை விடுடி. சுடுது.

— சுடட்டும்.

— ரொட்டி மேல கை வச்சு நான் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல சக்கூரா. கை வைக்காம நிறைய சொல்லியிருக்கேன். உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கேன், உங்கண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன், உன்கிட்டயும்தான். கை வச்சுச் சொல்ல வராது.

— இதுல பொய் எங்க இருந்து வந்துச்சு? குச்சி வெட்டினது நான். எந்த மரத்துல வெட்டினேன்னு எனக்குத் தெரியாதா?

— நீ எந்த மரத்துல வெட்டினன்னு எனக்கும் தெரியும்.

— அப்புறம் என்ன? என்னை இந்த வீட்டுல இருந்து அனுப்பணும். அதுதானே? மரம் விழற வரைக்கும் பொறுத்துக்கிட்டு இருந்தீங்க. எங்கண்ணன் கடைசி வரைக்கும் என்னை இந்த வாசல்ல பார்க்கறப்பெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். அவன் விட்டதை நீங்க முடிச்சு வைக்கறீங்க.

— உங்கண்ணன் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சாருன்னு உனக்குத் தெரியாது.

— சொல்லுங்க. தெரிஞ்சுக்கிறேன். காரணம் நியாயமா இருந்தா இந்த பாட்டிலை எடுத்துக்கிட்டு இப்பவே மினிபஸ் ஏறிடறேன். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டேன்.

— ஏற மாட்டேன்னு முதல்ல நீ கையை வை. ரொட்டி உன் முன்னாடிதான் இருக்கு.

— நானா?

— நீதான். நான் என்ன சொன்னாலும் ஆகஸ்ட்ல கூடையோட வருவேன்னு சொல்லு. வாசல் இருந்தாலும், நேர்ச்சுவரா இருந்தாலும்.

— இது என்ன வியாபாரம்?

— வைக்கிறியா இல்லையா?

— சரி. வச்சிட்டேன். வர்றேன். இந்த ரொட்டி மேல ஆணை, வர்றேன். சொல்லித் தொலைங்க.

— நீ ஒரான்ல இருந்தப்ப, ஒரு குளிர்காலத்துல கொட்டின பனியில உங்கப்பா மரம் வேரோட செத்துப்போச்சு. உன் வாசலை அடைச்சுடலாம்னு உங்கண்ணன் கல்லைக் கொண்டாந்து போட்டாரு. நான்தான் அடைக்க விடல. இத்தனை வருஷமா நீ ஏறிப் பறிச்சதெல்லாம் எங்கம்மா வீட்டு முற்றத்துல இருந்து ஒடிச்சிட்டு வந்து, இந்த அடுப்படியில எண்ணெய் டின்னுல நான் வேர் விட வச்ச குச்சிடி, சக்கூரா.